அக்காவின் கழுத்துக் கட்டியும் நான் சொன்ன ஒரு மார்க் பதிலும்



இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். இரண்டு காரணங்களுக்காக எழுதுகிறேன். ஒன்று, வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த ஒரு பதிலை நான் திருத்த வேண்டியிருக்கிறது. இரண்டு, என் அக்காவின் சாவைப் பற்றி நம் வீடுகளில் உலவும் ஒரு பேச்சை நிறுத்த வேண்டியிருக்கிறது.

என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ‘அயோடின் குறைவால் வரும் நோய் எது?’ என்று கேட்டால் ‘முன்கழுத்துக் கழலை சார்’ என்று வகுப்பே கத்தும். ஒரு மார்க். பிறகு நான் காங்ரா பள்ளத்தாக்கின் கதையைச் சொல்வேன். இமயமலை அடிவாரத்தில் பிள்ளைகள் உட்பட ஊர் ஊராகக் கழலை இருந்ததையும், 1956இல் தொடங்கி டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் அங்கே அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துக் கழலையைக் குறைத்துக் காட்டியதையும், 1962இல் அரசு கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியதையும் சொல்வேன். அதெல்லாம் உண்மைதான். இன்றும் சொல்வேன். ஆனால் அந்தப் பாடத்தை நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். அயோடின் குறைந்தால் கழலை வரும் என்பது பாடம். கழுத்தில் கட்டி வந்தால் அது அயோடின் குறைவுதான் என்று பாடத்தில் எங்கும் இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

என் அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர். அம்மா உப்பளத்துக்கு வேலைக்குப் போவாள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அவள் நின்றதால் நான் படித்தேன், வாத்தியார் ஆனேன். கடைசி வரைக்கும் அவளுக்கு அதில் பெருமைதான். ரேஷன் கடை விண்ணப்பமோ மாத்திரைச் சீட்டோ எதுவாக இருந்தாலும் என்னிடம் காட்டாமல் முடிவு எடுக்க மாட்டாள்.

2004இல் என் மகளின் சடங்கு வீட்டில்தான் முதன்முதலில் பார்த்தேன். அக்கா தண்ணீர் குடிக்கும்போது கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயை ஒட்டி இருப்பதால் விழுங்கும்போது அதுவும் கூடவே அசையும். இதையும் நான் வகுப்பில் சொன்னவன்தான்.

“தம்பி, இது என்னல இது?” என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. “உப்பளத்துக் கல்லுப்பையே தின்னா வேற என்ன வரும்? கழலைதான்க்கா. பாக்கெட் உப்பு வாங்கு” என்றேன்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் பாக்கெட் உப்பு. கட்டி அப்படியே இருந்தது.

2008இல் என் மருமகள், அதாவது அக்காவின் மகள், விடாப்பிடியாக மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ரத்தத்தில் தைராய்டு அளவு பார்த்தார்கள், நார்மல். ஸ்கேன் எடுத்தார்கள், 2.8 சென்டிமீட்டர் கட்டி. ஊசியால் குத்திச் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். ‘கொலாய்டு கழலை, புற்றுநோய்ச் செல்கள் இல்லை’ என்று எழுதிக்கொடுத்தார்கள். 2015இல் மறுபடி ஸ்கேன். 3 சென்டிமீட்டர். பெரிய மாற்றம் இல்லை, வருஷம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார்கள். அதற்கு அடுத்த வருஷம் அத்தான் தவறிவிட்டார். அக்கா அதன்பிறகு போகவில்லை. நாங்களும் கூட்டிப்போகவில்லை. கழுத்தில் மச்சம் இருப்பதுபோல அந்தக் கட்டியும் அவளுடைய ஒரு அடையாளம் ஆகிவிட்டது. பேரப்பிள்ளைகள் அதைத் தொட்டு விளையாடுவார்கள்.

2024 பொங்கலுக்கு எல்லோரும் அங்கேதான் இருந்தோம். நன்றாக இருந்தாள். பிப்ரவரி தொடக்கத்தில் போனில் பேசியபோது குரல் கம்மியிருந்தது.

“என்னக்கா தொண்டை கட்டிட்டா?”

“ஆமால. ஒரு வாரமா இப்படித்தான் இருக்கு.”

“மாசிப் பனி. மிளகு தட்டிப் போட்டுக் கசாயம் குடி” என்றேன்.

அருகில் இருந்த ஒரு மருத்துவர் தொண்டைப் புண் என்று இரண்டு முறை மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவரிடம் அவள் போனதே என்னிடம் கேட்டுவிட்டுத்தான். மார்ச் முதல் வாரம் மருமகன் சென்னையிலிருந்து வந்தவன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். அக்காவின் கழுத்து ஒரு பக்கம் முழுக்க வீங்கியிருந்தது. இருபது வருஷமாக நெல்லிக்காயாக இருந்தது ஆறு வாரத்தில் மாங்காய் அளவுக்கு வந்திருந்தது. சோறு விழுங்கச் சிரமம், கஞ்சிதான் இறங்குகிறது என்றான். செயின் கழுத்தை அழுத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டாளாம்.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன், சி.டி., ஊசிச் சோதனை, பிறகு கொஞ்சம் தடித்த ஊசியால் திசுவையே எடுத்துப் பார்க்கும் சோதனை. கட்டி 7 சென்டிமீட்டர். மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளி நெருக்கியிருந்தது. நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள். நோயின் பெயர் அனாபிளாஸ்டிக் தைராய்டு புற்றுநோய்.

மருத்துவர் என்னையும் மருமகனையும் உட்கார வைத்து சி.டி. படத்தைத் திரையில் காட்டினார். கழுத்துக்குள் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. “இதுதான் அந்தப் பழைய கட்டி. ரொம்ப வருஷம் ஆனதால் ஓரத்தில் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடு மாதிரி இருக்கிறது. இந்த இடத்தில் பாருங்கள், ஓடு உடைந்திருக்கிறது. அங்கிருந்துதான் இது வெளியே வந்திருக்கிறது” என்றார். எடுத்த திசுவிலும் ஒரு பகுதியில் பழைய சாதுவான கழலையும் அதை ஒட்டியே இந்தப் புற்றும் இருந்தன.

“அப்படியானால் 2008இல் சொன்னது தப்பா டாக்டர்?” என்று கேட்டேன்.

“அது தப்பாக இருந்திருந்தால் அம்மா பதினாறு வருஷம் இப்படி நடமாடியிருக்க மாட்டார்கள். அப்போது இருந்ததை அப்போது சொன்னார்கள். பிறகு கட்டிக்குள் ஓர் இடத்தில் செல்கள் மாறியிருக்கின்றன. நடுவில் மெதுவாக வளரும் வேறு வகைப் புற்று ஒன்று சின்னதாக உள்ளே இருந்து அது இப்படி முற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இனி அதைப் பிரித்துச் சொல்ல முடியாது” என்றார்.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் எளிமையாகச் சொல்கிறேன்.

தைராய்டு கட்டி மிகவும் சாதாரணமான விஷயம். தொட்டுப் பார்த்துத் தெரிகிற கட்டி நூறு பெண்களில் சுமார் ஐந்து பேருக்கு இருக்கும். ஸ்கேனில் மட்டும் தெரிகிறவை இன்னும் பல மடங்கு. இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாதுவானவை. புற்றாக இருந்தாலும் பெரும்பாலும் பாப்பில்லரி என்ற மெதுவாக வளரும் வகைதான். அறுவை செய்து எடுத்துவிட்டுப் பல்லாண்டு நன்றாக இருப்பவர்கள் ஏராளம். என் மாணவிகளிலேயே இருவர் இருக்கிறார்கள்.

அனாபிளாஸ்டிக் என்பது அந்தக் குடும்பத்தில் வேறு பிறவி. தைராய்டு புற்றுநோய் வந்தவர்கள் நூறு பேரை எடுத்தால் அதில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல், பெண்களுக்குச் சற்று அதிகம். நெடுநாள் கழலை இருந்தவர்களிடமும், ஏற்கெனவே வேறு வகைத் தைராய்டு புற்று இருந்தவர்களிடமும் அதிகம் காணப்படுகிறது. தைராய்டு செல் என்றால் அயோடினை இழுத்துக்கொள்ள வேண்டும், ஹார்மோன் செய்ய வேண்டும். இந்தச் செல்கள் அந்த இரண்டையும் மறந்துவிட்டுப் பெருகுவதை மட்டும் செய்கின்றன. அதனால் மற்ற வகைகளுக்குக் கொடுக்கிற கதிரியக்க அயோடின் மருந்து இதில் வேலை செய்யாது. வாழ்க்கை முழுவதும் நான் அயோடினைப் பற்றிப் பாடம் நடத்தியவன். அயோடினைத் திரும்பிப் பார்க்காத ஒரு நோய் என் வீட்டுக்கே வந்தது.

மற்ற புற்றுநோய்களில் ஒன்றாம் நிலை, இரண்டாம் நிலை என்பார்கள். இதற்கு அந்த நிலைகளே கிடையாது. கண்டுபிடிக்கும் நாளிலேயே நான்காம் நிலை என்றுதான் எழுதுகிறார்கள். அதற்குள் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. சுரப்பிக்குள்ளேயே இருந்தால் ஏ, கழுத்தில் பரவியிருந்தால் பி, நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புக்குப் போயிருந்தால் சி. அக்காவுக்கு சி. இந்த நோய் வந்தவர்களில் பாதிப்பேர் ஐந்தாறு மாதத்தைத் தாண்டுவதில்லை. ஓராண்டைத் தாண்டுகிறவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான். கட்டியில் பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் அதற்கென்று இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவில் 2018இல் இந்த நோய்க்கு அனுமதி கொடுத்தார்கள். அக்காவின் திசுவையும் அந்தச் சோதனைக்கு அனுப்பினோம். மாற்றம் இல்லை என்று வந்தது. ஒரு கெட்ட மாற்றம் இருந்துவிடக் கூடாதா என்று நாங்கள் ஏங்கிக் காத்திருந்த நாட்கள் அவை.

கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஏப்ரலில் மூச்சு விடச் சிரமப்பட்டதால் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அதோடு பேச்சு நின்றது. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் ஐம்பத்தொன்பது வருஷம் கழித்து மறுபடி நோட்டில் எழுத ஆரம்பித்தாள். எழுத்து உருண்டையாக, கோட்டை விட்டு இறங்காமல் இருந்தது. நான் மார்க் போட்டால் முழு மார்க் போட்டிருப்பேன்.

ஒருநாள் அறையில் யாரும் இல்லாதபோது கேட்டுவிட்டேன். “அக்கா, நான்தானே கழலைன்னு சொன்னேன். பனின்னு சொன்னேன்.”

நோட்டை வாங்கி எழுதினாள். ‘டாக்டரும் கழலைனுதானல சொன்னாரு. நீ சாப்பிட்டியா.’

ஜூன் மாதம் போய்விட்டாள். பெயர் தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடியவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்தில்தான் நான் சொன்ன அந்தப் பேச்சு பிறந்தது. பந்தலில் ஒரு பெரியவர் சொன்னார்: “இருபது வருஷமா சும்மா கெடந்த கட்டி. ஊசியை வச்சுக் குத்தி உசுப்பி விட்டுட்டாங்க.” நாலு பேர் ஆமாம் போட்டார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். துக்க வீட்டில் வாதம் எதற்கு என்று வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் தப்பான விடை சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துகிறவன், அன்று பேசாமல் இருந்தேன்.

அதன் விளைவு நவம்பரில் தெரிந்தது. மருமகளுக்கு 44 வயது. உடல் பரிசோதனைக்குப் போன இடத்தில் கழுத்தில் 1.8 சென்டிமீட்டர் கட்டி இருப்பதாகச் சொல்லி, ஊசிச் சோதனை செய்யச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்று வந்துவிட்டாள். “அம்மாவைக் குத்தினதாலதான மாமா போனா. எனக்கும் குத்தி உசுப்பி விடணுமா?” என்றாள். எட்டு மாதம் நானும் அவள் வீட்டுக்காரரும் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ‘எழுதுங்க மாமா, நாலு பேருக்குத் தெரியட்டும்’ என்றாள்.)

இப்போது உறவினர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். நாட்களை எண்ணிப் பாருங்கள். 2008இல் குத்திய ஊசிக்குப் பிறகு பதினாறு வருஷம் அந்தக் கட்டி அசையவில்லை. 2024இல் அக்காவின் குரல் மாறியது பிப்ரவரியில். கட்டி மாங்காய் அளவுக்கு வந்தது மார்ச் முதல் வாரத்தில். ஊசி குத்தியது அதற்கும் பிறகு, மார்ச் நடுவில். பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியுமா? ஊசி சாதுவான கட்டியைப் புற்றாக மாற்றாது. ஊசி போன வழியில் புற்றுச் செல் ஒட்டிக்கொண்டு வளர்வது தைராய்டில் மிக மிக அரிது. பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியில்தான் செய்கிறார்கள். அதைச் செய்யாமல் எது சாது, எது புற்று என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது.

மருமகள் இந்த விளக்கத்துக்கு மசியவில்லை. கடைசியில் நான் அக்காவின் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் ஊசிச் சோதனைக்குப் பயந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்காக அக்கா எழுதிக் காட்டிய பக்கம் அதில் இருக்கிறது. ‘பயப்படாதம்மா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். எனக்கு ரெண்டு தடவ குத்தியாச்சி. குத்திப் பாத்தாத்தான் என்னன்னு தெரியும்.’

மருமகள் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் போனோம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷத்தில் கழுத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாள். “எறும்புதான் மாமா” என்றாள்.

நான்கு நாளில் முடிவு வந்தது. சாதுவான கட்டி. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைப்பு வந்தது. அவள் அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னார்கள். நான் மருத்துவரிடம் வாய்விட்டே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “ஐயா, இந்தக் கட்டி உள்ளவர்களில் உங்கள் அக்காவுக்கு வந்தது வருவது மிக அபூர்வம். அதற்காக எல்லோருக்கும் அறுவை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஒரு வருஷம் கழித்து ஸ்கேனுக்கு வரட்டும். நடுவில் ஏதாவது மாறினால் அடுத்த நாளே வரட்டும்.” அந்தத் தேதியை என் செல்போனிலும் அலாரம் வைத்திருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலருக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. வீட்டில் அம்மா, மாமியார், அக்கா என்று யாருக்காவது கழுத்தில் பழைய கட்டி இருக்கலாம். பயப்படச் சொல்லவில்லை. இந்தச் சிலவற்றை மட்டும் மனதில் வையுங்கள்.

சாதுவானது என்று வந்த முடிவு அன்றைய தேதிக்கு உரியது. அந்தத் தேதி எது என்று பாருங்கள். மருத்துவர் அடுத்து எப்போது வரச் சொன்னாரோ அப்போது போங்கள். ஊசிச் சோதனையில் சாது என்று வந்தவற்றிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று தவறிப்போக வாய்ப்பு உண்டு. அதனால்தான் திரும்ப வரச் சொல்கிறார்கள்.

‘தைராய்டு டெஸ்ட் நார்மல்’ என்பது ஹார்மோன் சரியாகச் சுரக்கிறது என்பதை மட்டும் சொல்லும். கட்டி என்ன வகை என்பதைச் சொல்லாது. அக்காவுக்குப் புற்று இருக்கும்போதும் ரத்தம் நார்மல்தான்.

பழைய கட்டி சில வாரத்தில் பெருத்தால், கல்போல இறுகினால், குரல் கம்மி இரண்டு மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், கழுத்தில் புதிதாக நெறி கட்டினால், அந்த வாரமே காட்டுங்கள். குரல்வளைக்குப் போகும் நரம்பு தைராய்டை ஒட்டித்தான் ஓடுகிறது. அதனால் குரல் மாறுவது சின்ன விஷயம் இல்லை. போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ‘இத்தனை வருஷமாகக் கட்டி இருக்கிறது, இத்தனை வாரமாக மாறியிருக்கிறது’ என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். தொண்டைக்கு மருந்து கொடுத்த அந்த மருத்துவரிடம் அக்கா கட்டியைப் பற்றிச் சொல்லவே இல்லை. குளிர் என்று கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு போயிருந்தாள்.

பிப்ரவரியில் நான் ‘கசாயம் குடி’ என்பதற்குப் பதிலாக ‘நாளைக்குக் காலையில் வருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்’ என்று சொல்லியிருந்தால் அக்கா பிழைத்திருப்பாளா? மருத்துவரிடம் கேட்டேன். பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த ஆறு வாரம் இந்த நோயில் சின்னக் காலம் இல்லை என்றார். அவர் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அயோடின் உப்பை நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பாடம் சரியானதுதான். நம்மிடம் யாராவது கழுத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால், ‘எனக்குத் தெரியாது, வா, காட்டுவோம்’ என்று சொல்லுங்கள். வாத்தியார் பிள்ளையாக இருந்தாலும் சரி, வாத்தியாராகவே இருந்தாலும் சரி.

அன்று பந்தலில் பேசிய பெரியவர் இதைப் படிப்பார் என்று தெரியும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றே நான் பேசியிருக்க வேண்டும்.

வேண்டியவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டி இருந்து, கடைசியாக எப்போது காட்டினோம் என்பது நினைவில் இல்லை என்றால், இன்று பழைய ஃபைலைத் தேடி எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்